மட்டாஞ்சேரிக்கு ஆள் கூட்டிவரும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, மதுரை, சென்னை, நெல்லை என்று பல ஊர்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களை வேனிலும் பஸ்ஸிலும் கொச்சிக்குக் கூட்டிவரும் வழிகாட்டிகளே, டூர் மேனேஜர்களே, ஓட்டுநர் அண்ணன்களே, வணக்கம்.

உங்கள் வேலையின் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. விடிந்ததும் மூணாறிலிருந்து இறங்க வேண்டும். சீன வலை, பிரான்சிஸ் சர்ச், மட்டாஞ்சேரி அரண்மனை எல்லாவற்றையும் காட்டி முடித்து, மாலைக்குள் படகுத் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு மாமா மிளகு விலை கேட்கப் போய்க் காணாமல் போவார். யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுனுக்கும் அதன் கோடியில் இருக்கும் சினகாகுக்கும் (யூதர்களின் தொழுகைக்கூடம்) கடைசியில் மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் சொல்லும் கதையைப் பற்றித்தான் இந்த மடல்.

பலமுறை, பல குரல்களில் கேட்டுவிட்டேன், கதை ஏறக்குறைய ஒன்றுதான். 1568இல் கட்டியது. தரையில் பதித்திருக்கும் நீலப்பூ ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை, ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. மேலே தொங்குவது பெல்ஜியம் கண்ணாடி விளக்கு. வெளியே பழைய மணிக்கூண்டு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ‘ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல இருந்தாங்க. இப்போ விரல் விட்டு எண்ணிடலாம்’ என்பீர்கள். கூட்டம் ‘ச்சூ’ கொட்டும். அடுத்த குழு உள்ளே வரும்.

அந்தத் தெருவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த யூதப் பாட்டி சாரா கோஹன் 2019இல், 96 வயதில் இறந்தார். அவர் இருந்த வரை அவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதும் உங்களில் சிலருடைய சுற்றுலாவில் சேர்த்திதான். 2024 ஆகஸ்டில் அதே தெருவில் வாழ்ந்த யூதப் பெண்மணி குவீனி ஹலேகுவாவும் போய்விட்டார். இனி காட்டுவதற்கு ஆள் இல்லை என்பதால் உங்கள் கதை இன்னும் சுருங்கி, ஓடு, விளக்கு, ‘முடிஞ்சு போச்சு’ என்றாகிவிட்டது.

என் மனக்குறை இதுதான். இந்தக் கதையில் ராஜா உண்டு, வியாபாரி உண்டு, செப்பேடு உண்டு. பெண்கள் வருவதோ கடைசியில், தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவியாக மட்டும். உண்மையில் கேரள யூதப் பெண்கள் தனியாக இருந்து பெயர் வாங்கியவர்கள் இல்லை. கூடிக் கூடியே ஒரு சமூகத்தைக் கட்டி வைத்தவர்கள். அவர்கள் கூடிப் பாடியதை மட்டுமாவது உங்கள் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கேரளத்தில் யூதர்களுக்கு எட்டு சினகாக்குகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. நீங்கள் காட்டும் பரதேசி சினகாக், அதாவது பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ‘பரதேசி’ யூதர்களின் சினகாக், அந்த எட்டில் ஒன்று மட்டுமே. எட்டு சபையின் பெண்களுக்கும் பாட்டு நோட்டு உண்டு. மலையாள எழுத்தில், கையால் எழுதிய நோட்டு. பாட்டியின் நோட்டைப் பார்த்து அம்மா எழுதிக்கொள்வார், அம்மாவுடையதைப் பார்த்து மகள். கல்யாண வீடு, விருத்தசேதனம், பண்டிகை என்று எங்கே கூடினாலும் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். கைதட்டி வட்டமாக ஆடுவதும் உண்டு.

இதை உங்கள் பஸ்ஸில் விளக்கப் பெரிய பிரசங்கம் எதுவும் தேவையில்லை. நம் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும்: நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, சம்பந்தியைக் கிண்டல் செய்யும் பாட்டு, ஓரம் மடங்கி, மஞ்சள் கறையோடு. பின் சீட்டு அத்தைகளிடம் ‘அதே மாதிரி நோட்டுதான்’ என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

அந்த நோட்டுகளில் என்ன இருந்தது தெரியுமா? மணமக்களை வாழ்த்தும் பாட்டுகள். ஒவ்வொரு சினகாகும் எப்படி எழும்பியது என்று சொல்லும் பாட்டுகள். ஆபிரகாம், யோசேப்பு, மோசே கதைகள். அதுவும் வேதத்தில் உள்ளபடி மட்டுமல்ல, ரபிமார்கள் என்ற யூத மதகுருக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த கிளைக்கதைகளோடு சேர்த்து. ஹீப்ரு நூல்களைப் படித்துப் பொருள் சொல்லும் கல்வி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்த காலத்தில், பெண்கள் இந்தக் கதைகளைத் தாய்மொழியில் பாடிப் பாடி மகள்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக் கூட்டமே ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

மலையாளம்தான், ஆனால் பழைய மலையாளம். சில சொற்களுக்குப் பாடியவர்களுக்கே அர்த்தம் மறந்துபோயிருந்தது. நம் காதில் விழுந்தால் அங்கங்கே தமிழ் போலவும் கேட்கும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது பெரிய புதையல். ஸ்கரியா ஸக்கரியா என்ற மலையாள அறிஞர் வருடக்கணக்கில் இதில் உழைத்தார். அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சன் 1970களிலேயே இஸ்ரேலில் பாட்டிகளைத் தேடிப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். ஓஃபிரா கம்லியேல் இந்தப் பாட்டுகளை வைத்தே எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2004இல் இந்தப் பாட்டுகள் எருசலேமிலிருந்து ஒலித்தட்டாக வந்தன. அடுத்த ஆண்டு மலையாளமும் ஹீப்ருவும் சேர்ந்த நூலாகவும் வந்தன. இத்தனை நடந்திருக்கிறது. ஜூ டவுனில் நின்றுகொண்டு ஒரு தமிழ்க் குழுவுக்கு இதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை என்றால் குறை யாருடையது?

இன்னொன்று சொல்கிறேன், இது உங்களுக்கு ரொம்பவே பிடிக்கும். ‘வெள்ளை யூதர், கறுப்பு யூதர்’ கதையை நீங்கள் விஸ்தாரமாகச் சொல்வீர்கள். சரி, நடந்ததுதான். ‘வெள்ளை’ எனப்பட்ட பரதேசிகள், ‘கறுப்பு’ எனப்பட்ட மலபார் யூதர்களிடம் பெண் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. பரதேசி சினகாகுக்குள்ளேயே ஒரு பிரிவினரைச் சமமாக உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து ஏ. பி. சேலம் என்ற வக்கீல் காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தார். இவ்வளவையும் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே இதையும் சொல்லுங்கள்: ஒருவர் வீட்டுப் பெண்ணை மற்றவர் எடுக்காத இந்தச் சபைகளின் பெண்களிடம் இருந்த நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஆண்கள் போட்ட வேலியைப் பாட்டு தாண்டியிருக்கிறது. பிரிவினைக்கு முந்தைய காலத்துப் பொதுச் சொத்தாக இருக்கலாம், அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டு எழுதிக்கொண்டதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஆண்களின் பட்டயங்களில் இல்லாத ஒரு உறவு அந்த நோட்டுகளில் இருக்கிறது.

வக்கீல் சேலம் யாருக்காகப் போராடினாரோ அதே பிரிவிலிருந்து வந்தவர் ரூபி டேனியல், 1912இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தார். 1951இல் இஸ்ரேல் போய் ஒரு கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், குடியேறினார். வயதான காலத்தில் உட்கார்ந்து, சிறுவயதில் பாட்டியிடம் கேட்ட பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், தன் வாழ்க்கையையும் எழுதினார். நீங்கள் கூட்டிவரும் கல்லூரி மாணவிகளுக்கு, ஓடு எத்தனை என்று சொல்வதைவிட, இந்தத் தெருவில் பிறந்த ரூபியைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லுங்கள். எதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று பிறகு நீங்களே பாருங்கள்.

சினகாகுக்குள் நிற்கும்போது எல்லோரும் கீழே ஓட்டைப் பார்க்கிறார்கள், நிமிர்ந்தால் விளக்கைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் திரும்பி, நுழைவாசலுக்கு மேலே இருக்கும் மாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளச் சினகாக்குகளுக்கே உரிய ஒரு விசேஷம் அங்கே இருக்கிறது. கூடத்தின் நடுவில் வேதம் வாசிக்கும் மேடை ஒன்று இருப்பது எல்லா ஊரிலும் வழக்கம். இங்கே மாடியில் இரண்டாவதாக ஒரு மேடையும் உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் யூத வேதமான தோராவின் சுருளை மாடிக்கு எடுத்துப் போய் அங்கிருந்து வாசிப்பார்கள். அந்த மேடைக்குப் பின்னால், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் பெண்கள் உட்காரும் இடம். பிரித்துத்தான் வைத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் விசேஷ நாளில் வேதம் வாசிக்கும் குரலுக்கு மிக அருகில் இருந்தவர்கள் கீழே இருந்த ஆண்கள் இல்லை, தடுப்புக்குப் பின்னால் இருந்த இந்தப் பெண்கள்தான்.

பெண் பாடும் குரல் அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் யூத சமூகங்கள் இன்றும் பல உண்டு. கேரளத்தில் அந்தத் தடை நடைமுறையில் இருக்கவில்லை. கல்யாணத்தில் ஆண்கள் கூடியிருக்க, பெண்கள் வாய்விட்டுப் பாடினார்கள். ஹீப்ருப் பாசுரங்களையும் பெண்கள் கற்றிருந்தார்கள், ஆண்களோடு சேர்ந்தே பாடினார்கள். வெளியூர் யூதர்களுக்கு இது ஆச்சரியம்.

பாட்டு மட்டும் இல்லை, சமையலும் கூட்டம்தான். பஸ்கா பண்டிகைக்கு வீட்டில் புளித்த மாவின் துகள்கூட இருக்கக்கூடாது என்பது யூதர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. கொச்சிப் பெண்கள் இதில் கறார் பேர்வழிகள். குளிர்காலத்தில் ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுவார்கள், பஸ்கா வருவதோ வசந்தத்தில். அரிசியையும் மசாலாச் சாமான்களையும் பொறுக்கிச் சுத்தம் செய்து, இடித்து, தனிப் பாத்திரங்களில் மூடி, தனியாக வைப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கிணற்றையும் இறைத்துக் கழுவுவார்கள். புளிக்காத ரொட்டி சுடுவதற்கு அக்கம்பக்கம் எல்லாம் ஒன்றுகூடும். இந்தச் சுத்தத்தில் பிழை வந்தால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கேடு என்று பயமுறுத்தி, பாரத்தைப் பெண்கள் தலையிலேயே வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். மாதக்கணக்கில் நடந்த வேலை அது. அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிய பெண்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் பஸ்ஸில் இருக்கும் எந்தப் பெண்ணும் பதில் சொல்வார்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு தகவல், இதைக் கேட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கொச்சி யூத மணப்பெண் தாலி அணிந்தாள். மோதிரமும் யூதச் சடங்கும் முறைப்படி நடக்கும், கூடவே அக்கம்பக்கத்தாரிடமிருந்து வந்த தாலியும் கழுத்தில் ஏறும். கொண்டாட்டம் ஒரு வாரம் நீளும். எந்த நாளில் எந்தப் பாட்டு என்பது பெண்களுக்குத் தெரியும்.

செப்பேட்டுக்கு வருவோம். அது உங்களுக்குப் பிடித்த விஷயம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் வழங்கிய ஏடு. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது இந்தச் செப்பேட்டின் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார். பகல் விளக்கு, பல்லக்கு, குடை என்று நீங்கள் உரிமைகளை வரிசையாகச் சொல்வீர்கள். இந்த உரிமைகள் யாருக்குப் போய்ச்சேரும் என்று ஏட்டில் எழுதியிருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ரப்பானுக்கும், அவருடைய ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், உடன்பிறந்தாள் பிள்ளைகளான மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்த மருமகன்களுக்கும், வழிவழியாக. மகள்களை ஏட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் விடுகிறீர்கள்? அந்த ரப்பானை நினைவில் வைத்துப் பாடியவர்களும் இந்தப் பெண்கள்தான்.

இனி ‘முடிஞ்சு போச்சு’ என்ற வரி. 1950களில், பெரும்பாலும் 1953 முதல் 1955 வரை, மலபார் யூதர்கள் கிட்டத்தட்ட ஊரோடு கிளம்பி இஸ்ரேல் போனார்கள். இங்கிருந்தவர்கள் மொத்தமே சுமார் 2,400 பேர்தான். யானைக்கால் நோய் வந்துவிடும் என்று அந்த நாட்டு அதிகாரிகள் பயந்து, சிலகாலம் அவர்களை வரவிடாமல் நிறுத்தியும் வைத்தார்கள். போனபின் எல்லோரையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. தெற்கே நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், எருசலேமுக்குப் பக்கத்தில் மெசிலத் சீயோன், வடக்கே லெபனான் எல்லையோரம் யுவால் என்று திசைக்கொன்றாய்க் குடியேற்றினார்கள். தென்னையும் காயலும் பார்த்து வளர்ந்த பெண்கள், ஒரு மரம் இல்லாத மண்ணில் கோழிப் பண்ணையும் காய்கறித் தோட்டமும் போட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஹீப்ரு பேசினார்கள். அம்மா பாடும் மலையாளப் பாட்டு அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. நோட்டுகள் பெட்டிக்குள் போயின.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்கள் ‘ச்சூ’ சரிதான். ஆனால் முடியவில்லை. பார்பரா ஜான்சனைப் போன்றவர்கள் டேப் ரெக்கார்டரோடு தேடி வந்ததும் பெண்கள் பெட்டியைத் திறந்தார்கள். பிறகு, பேரன் பேத்தி எடுத்த வயதில், பல குடியிருப்புகளில் இருந்தவர்களும் கூடிப் பாடப் பயிற்சி எடுத்தார்கள், மேடை ஏறினார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த கலியா ஹக்கோ இதில் முன்னின்ற ஒருவர். கொச்சிக் கல்யாண வீட்டில் பாடிய பாட்டு, நெகேவில் வளர்ந்த பேத்தியின் காதில் மறுபடி விழுந்தது. ஏறத்தாழ 300 பாட்டுகள் சேகரமாகியிருக்கின்றன. நெவாதிமில் கொச்சி யூதர்களுக்கென்று அருங்காட்சியகமும் சினகாகும் இருக்கின்றன. ஆகவே, ஐயா, கொச்சி யூதர்கள் தீர்ந்துபோகவில்லை. நீங்கள் நிற்கும் தெருவில் இல்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் வேறு இடத்தில் இருக்கிறார்கள், அடிக்கடி இந்த ஊரைப் பார்க்கவும் வருகிறார்கள். உங்கள் குழுவுக்குப் பக்கத்தில் நின்று, மலையாளம் கலந்த ஹீப்ருவில் பேசிக்கொண்டிருக்கும் பாட்டி அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் காது கேட்க ‘எல்லாரும் போயிட்டாங்க’ என்று மைக்கில் சொல்லாதீர்கள்.

உங்களில் சிலர் கேட்கலாம், ‘மேடம், ஜனங்க இதையெல்லாம் கேக்கறாங்களா? போட்டோ எடுக்கவே டைம் இல்ல’ என்று. கேட்பார்கள். பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். ஓடு எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று அவர்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?’ என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு வழிகாட்டி கையை மேலே காட்டிவிட்டு நடந்தார். அங்கே நின்று பேச வேண்டிய இடம் அது.

கொஞ்சம் நேரம் கூடுதலாக உள்ள குழுவாக இருந்தால், சேந்தமங்கலம் வரை கூட்டிப்போங்கள். பறவூரும் அதே பக்கம்தான். இரண்டு சினகாக்குகளையும் கேரள அரசின் முசிரிஸ் மரபுத் திட்டத்தில் சீர்செய்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் சினகாகுக்கு முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா, 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ருக் கல்லறை எழுத்துகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். பழைய மன்னர்களையும் வியாபாரிகளையும் பட்டியல் போட்டுச் சொல்லும் நீங்கள், இந்தச் சாராவில் தொடங்கி, பெண்கள் கூடிப் பாடிய கல்யாண வாரத்துக்கு வந்து, நெவாதிமில் முடித்தால், அரைமணி நேரத்துக்கு நல்ல கதை ஆயிற்று. மிளகு வாங்கப் போன மாமாவும் அதற்குள் வந்துவிடுவார்.

இன்னும் ஒன்றிரண்டு வேண்டுகோள். சாரா கோஹனின் வீட்டையும் கடையையும் அவருக்குப் பிறகு பாதுகாத்துவருவது ஓர் இஸ்லாமியர். சிறுவனாக அந்தத் தெருவில் வியாபாரம் செய்ய வந்து, கடைசிக் காலத்தில் அவரைத் தாங்கிக்கொண்டவர். அங்கே கூட்டத்தை நிறுத்தும்போது ‘கடைசி யூதப் பாட்டி’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு, அவர் என்ன தைத்தார் என்று சொல்லுங்கள்: ஓய்வுநாள் ரொட்டிக்கு மூடும் துணி, ஆண்கள் தலையில் வைக்கும் சிறு குல்லா. தெருவில் இன்னும் குடியிருப்பவர்களின் ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட விடாதீர்கள். எறணாகுளத்தில் கடவும்பாகம் சினகாகின் முன்பகுதியில் செடியும் மீனும் விற்கும் கடை இருக்கிறது. அங்கே போனால் தயவுசெய்து ஏதாவது வாங்கிவிட்டு வாருங்கள், வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

பரதேசி சினகாக் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது, வெள்ளியும் பிற்பகலில் அடைத்துவிடுவார்கள். வார இறுதி டிரிப் போடும்போது பலரும் இதை மறந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஞாயிறு காலையில் ஜூ டவுனை முதல் இடமாக வைத்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உங்களுக்குப் பேசவும் நேரம் கிடைக்கும். பாட்டுகளின் ஒலிப்பதிவு தேடினால் கிடைக்கிறது. பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பாட்டு போட்டுக் காட்டுங்கள். யாராவது திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் பலமுறை ஜன்னல் சீட் கேட்டுச் சண்டை போட்ட
கோவைப் பயணி ஒருத்தி